நன்கொடைப் பத்திரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில் பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வரைபடத்தோடு பொருத்துவது என் வேலை. பெரும்பாலானவை தூக்கத்தை வரவழைக்கும் காகிதங்கள். லூயிஸ் ராணுவ முகாமின் பத்திரக் கட்டு மட்டும் விதிவிலக்கு.

ஊரார் பெருமையாகச் சொல்லும் கதை இது: அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, 1917 ஜனவரியில், டகோமா அடங்கிய பியர்ஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) மக்கள் வாக்களித்து 20 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தார்கள். சுமார் 70,000 ஏக்கரை ராணுவத்துக்கு இலவசமாகக் கொடுப்பது திட்டம். கோடையில் கட்டத் தொடங்கிய முகாமுக்குச் செப்டம்பரிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கடன் வாங்கலாம், விற்க மறுப்பவரின் நிலத்தை எப்படி எடுப்பது? எடுத்ததை எப்படித் தூக்கிக் கொடுப்பது? அதற்குத்தான் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டு சட்டம் இயற்றியது. கவுண்டி நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி மத்திய அரசுக்குத் தானமாக எழுதித் தரலாம். பத்திரத்தில் கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையர் குழுவின் தலைவர் கையெழுத்திட்டு, எழுத்தர் முத்திரையுடன் சான்றளிக்க வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. நிலத்தின் மீதான ஆட்சி அதிகாரத்தையும் மாநிலம் விட்டுக்கொடுத்தது. உள்ளே போய் அழைப்பாணை, கைது ஆணை போன்றவற்றை நிறைவேற்றும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டது. எழுதியவர் கெட்டிக்கார வக்கீலாக இருந்திருக்க வேண்டும்.

முகாமின் எல்லைக் கோட்டை வரைபடத்தில் ஏற்றினால் அது நிஸ்குவாலி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் நுழைகிறது. அமெரிக்க அரசுடன் பழங்குடியினர் 1854இல் செய்த மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தின் வழி வந்த நிலம் அது. நிஸ்குவாலி ஆற்றின் பியர்ஸ் கவுண்டிப் பக்கத்தில் சுமார் 3,300 ஏக்கர், ஒதுக்கீட்டில் பாதிக்கும் மேல், கையகப்படுத்தப்பட்டது. கையகப்படுத்தும் வழக்கு முடிவதற்கு முன்பே குடும்பங்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். இதை நன்கொடை என்று தட்டச்சு செய்ய எனக்குக் கை வரவில்லை.

தானத்துக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: ராணுவம் முகாமாகப் பயன்படுத்துவதை நிறுத்தினால் நிலம் கவுண்டிக்குத் திரும்ப வேண்டும். போருக்குப் பின் முகாம் பாழடைந்தபோது ஊரார் அதைத்தான் நினைவூட்டினார்கள். 1927இல் அது நிரந்தர ராணுவத் தளமாக அறிவிக்கப்பட்டது. திரும்பியிருந்தாலும் கவுண்டிக்குத்தான் போயிருக்கும், நிஸ்குவாலிகளுக்கு அல்ல.

எங்கள் அட்டவணையில் கொடுத்தவர், பெற்றவர் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று மூன்றாவதாக ஒன்று கேட்டேன். மேலாளர் கொஞ்சம் முனகிவிட்டுச் சேர்த்தார். நிரப்பும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.