கோவில் உபயப் பதிவுக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோவிலின் உபயப் பதிவுத் தளத்தைப் புதிதாக எழுதித் தரும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்தது. பழைய தளம், கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க் (இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) கொண்டு எழுதப்பட்டது. 2016இல் வந்த அதன் அடுத்த பதிப்பான ஆங்குலர் 2, அடியிலிருந்து மாற்றி எழுதப்பட்டதால் பழைய நிரலை அப்படியே அதற்கு நகர்த்த வழியில்லை. 2021 டிசம்பர் இறுதியோடு பழையதற்கான ஆதரவையும் கூகுள் நிறுத்திவிட்டது. தளத்தை எழுதியவரும் ஊரில் இல்லாததால், திருவிழாத் தேதியைத் திருத்தக்கூட ஆளின்றி நிர்வாகக் குழு தவித்ததை நான் நேரில் கண்டேன். எனவே, எனக்குப் பின் இதை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

மாற்றுகளில் ரியாக்ட் நான் அன்றாடம் பழகுவது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலை தேடும் இளைஞர் அதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன். ஆனால் நிரலுக்குள்ளேயே பக்கத்தின் வடிவையும் எழுதும் அதன் ஜேஎஸ்எக்ஸ் முறையில் எழுதினால், ஒரு சொல்லைத் திருத்தினாலும் கோப்புகளை உலாவிக்குப் புரியும் வடிவுக்கு மறுபடி தொகுத்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

ரிச் ஹாரிஸ் 2016இல் வெளியிட்ட ஸ்வெல்ட், எழுதியதை முன்கூட்டியே சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிவிடுவதால், சிறிய பக்கங்களுக்கு உலாவி இறக்க வேண்டிய கோப்பு மிக இலேசாகிறது. லயத்து வீடுகளில் பழைய கைப்பேசியும் பிரீபெய்ட் சிம்மும் வைத்திருக்கும் பாட்டிமார்களை நினைத்து, இரண்டு இரவுகள் என் மனம் அதிலேயே நின்றது. அதற்கும் தொகுக்கும் வேலை கட்டாயம் என்பதுதான் என்னைத் தடுத்தது.

இவான் யூ 2014இல் வெளியிட்ட வியூவை, ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்து, எச்டிஎம்எல் பக்கத்துக்குள்ளேயே பயன்படுத்த முடியும். கோவில் கணக்கைப் பார்க்கும் தங்கை ஒருத்திக்கு எச்டிஎம்எல் ஓரளவு தெரியும். உபயப் பட்டியலை வரிசையாகக் காட்டும் வி-ஃபார் வரியை அவளிடம் காட்டியபோது, "இந்தப் பட்டியல்ல ஒரு பேரு கூட்டினா பக்கத்துலயும் தானா வந்துடுமா அண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே வியூ என்று முடிவு செய்துவிட்டேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த முறையில் வார்ப்புருவை (எச்டிஎம்எல்லுக்குள் எழுதிய வியூ வரிகளை) இயங்கும் நிரலாக மாற்றும் பகுதியும் உலாவிக்கே போவதால், இறங்கும் கோப்பு கனமாகிறது. ஆகையால் திருவிழா அறிவிப்பு, பூசை நேரம், அன்னதான விவரம் ஆகிய பக்கங்களை எந்த ஃபிரேம்வொர்க்கும் இன்றி வெறும் எச்டிஎம்எல்லாக வைத்து, உபயப் படிவத்துக்கு மட்டும் வியூவைச் சேர்த்திருக்கிறேன். வியூவின் கோப்பையும் வெளித்தளத்திலிருந்து எடுக்காமல், பதிப்பு எண்ணோடு எங்கள் தளத்திலேயே வைத்துவிட்டேன். இனி, பாதிப் படிவத்தில் லைன் போனாலும் எழுதிய பெயரும் தொகையும் கைப்பேசியிலேயே தங்கும்படி செய்ய வேண்டும்.