ஒரு வெட்டரிவாளும் முப்பது பவுண்டு வீடும்: ஜோசப் ஆர்ச்சின் ஊர்களில்

ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்க்க வார்விக்கிலிருந்து ஸ்ட்ராட்ஃபர்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ஃபர்டில் இறங்குவதில்லை. வார்விக்குக்குத் தெற்கே மூன்று மைல், ஏவான் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் விவசாயக் கூலித் தொழிலாளி ஜோசப் ஆர்ச் 1826 நவம்பர் 10 அன்று பிறந்ததும், 1919 பிப்ரவரி 12 அன்று 92 வயதில் இறந்ததும் இங்கேதான்.

லண்டன் மேரில்போன் நிலையத்திலிருந்து வார்விக்குக்கும் லெமிங்டன் ஸ்பாவுக்கும் நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து பார்ஃபர்டு, வெல்ஸ்போர்ன் வழியாகப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏ429 சாலையோரமாக நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். கார்கள் வேகமாக வரும், நடப்பவருக்கு இடமில்லை.

பார்ஃபர்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்ச் குடும்பத்தின் வீடு. தனியார் குடியிருப்பு, தெருவில் நின்று பார்த்துவிட்டு நகர்வதுதான் மரியாதை. கட்டடத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஆர்ச்சின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சுவர்களின் மேல்தான் நின்றது என்பேன். அக்காலத்துக் கிராமத்தில் நிலம் பிரபுவுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் பண்ணைக்காரர். கூலியாள் குடியிருந்த வீடும் பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவருடையதாகவே இருக்கும். வேலை போனால் அந்த வாரமே வீடும் போகும். ஆர்ச்சின் முன்னோர் தங்கள் வீட்டை முப்பது பவுண்டுக்குச் சொந்தமாகவே வாங்கியிருந்தார்கள். தானிய இறக்குமதிக்கு வரி போட்ட சட்டத்தை ஆதரிக்கும் மனுவில் கையெழுத்துப் போட மறுத்ததால் அப்பாவுக்குப் பதினெட்டு வாரம் வேலை தராமல் வைத்தார்கள். பட்டினி கிடந்தார்களே தவிர, தெருவுக்கு வரவில்லை.

அருகிலேயே புனித பீட்டர் தேவாலயம். ஏழு வயது ஜோசப் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் கதவின் சாவித்துளை வழியாக உள்ளே பார்த்தான். நற்கருணை வாங்க முதலில் பிரபு தனியாகப் போகிறார். பிறகு பண்ணைக்காரர்கள், அவர்களுக்குப் பின் கடைக்காரர்கள், தச்சர், கொல்லர். எல்லோரும் முடித்த பின் கடைசியாகக் கூலியாட்கள்; அந்த வரிசையில் அவன் அப்பா. இப்படி ஒரு வரிசையில் நான் நிற்கமாட்டேன் என்று அன்றே முடிவு செய்ததாக ஆர்ச் தன் வரலாற்றில் எழுதுகிறார். பின்னாளில் ப்ரிமிட்டிவ் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். இரண்டாயிரம் பேர் முன் நின்று பேசும் குரலும் பழக்கமும் அங்கே வந்தவை. அந்தச் சாவித்துளையைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்: கோபுரம் நீங்கலாகத் தேவாலயம் 1840களில் புதிதாக எழுப்பப்பட்டது. ஆர்ச்சின் கல்லறை இதே வளாகத்தில்தான் இருக்கிறது.

ஒன்பது வயதில் வயலில் காக்கை விரட்டும் வேலை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு நான்கு பென்ஸ் கூலி. பிறகு ஏர் ஓட்டும் பையன். அப்புறம் கற்றுக்கொண்ட தொழில்தான் அவரைப் பண்ணைக்காரர் பிடியிலிருந்து முழுவதுமாக விடுவித்தது: வேலி சாய்ப்பது. பார்ஃபர்டைச் சுற்றிய வயல்களில் இன்றும் அந்த வேலையைப் பார்க்கலாம், நின்று கவனியுங்கள்.

இங்கே வேலி என்பது உயிருள்ள ஹாத்தார்ன் முள்மரங்களின் வரிசை. சும்மா விட்டால் அவை உயரமாக வளர்ந்து, அடியில் ஓட்டை விழும். ஆடு மாடு நுழைந்துவிடும். அதனால் இலை உதிர்ந்தபின், அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவே, ஒவ்வொரு தண்டையும் அடியில் சாய்வாக வெட்டுவார்கள். பில்ஹூக் என்ற வளைமூக்கு வெட்டரிவாள்தான் கருவி. தண்டின் கனத்தில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி, பட்டையும் அதையொட்டிய கொஞ்சம் கட்டையும் மட்டும் நாக்குப் போல ஒட்டியிருக்க விட்டு, மரத்தைச் சரிவில் மேட்டுப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். அந்த நாக்கின் வழியாகத்தான் சாறு ஏறி, சாய்ந்த தண்டு வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும். வெட்டு ஆழம் போதாவிட்டால் தண்டு வளையாது. பலவந்தமாகச் சாய்த்தால் நெடுக்காகப் பிளந்துவிடும். நாக்கு மிக மெலிந்தால் காய்ந்துபோகும். கடும் உறைபனியில் கட்டை நொறுங்கும் என்பதால் அன்று கை வைப்பதில்லை. அடியில் மிஞ்சி நிற்கும் கட்டையையும் சரிவாகச் சீவிவிட வேண்டும், தண்ணீர் தேங்கினால் அழுகும். அடர்த்தியான புதுக்கிளைகள் அங்கிருந்துதான் வரும்.

சாய்த்த தண்டுகளைப் பிடித்துவைக்கப் பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு முளை அடித்து, மேலே ஹேசல் குச்சிகளைக் கயிறு போல முறுக்கிப் பின்னுவார்கள். மிட்லாண்ட்ஸ் (நடு இங்கிலாந்து) பாணியில் முள் கிளைகள் மாடு மேயும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கனத்த மாடு வேலியில் சாய்ந்து தேய்க்கும் ஊர் இது, அதற்கேற்ற பாணி. இப்போது இங்கிலாந்தில் பறவைகள் கூடுகட்டும் காலத்தில், மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, வேலி வெட்டத் தடை உண்டு. புதிதாகச் சாய்த்த வேலியைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரியில் வாருங்கள்.

இந்தத் தொழிலில் ஆர்ச் சாம்பியன் பட்டம் பெற்றவர். மிட்லாண்ட்ஸ் மாவட்டங்களிலும் வேல்ஸிலும் ஒப்பந்தத்துக்கு வேலை எடுத்துச் சுற்றினார். உள்ளூர்ப் பண்ணைக்காரர் வேலை தரமாட்டேன் என்றால் அடுத்த மாவட்டத்தில் கூப்பிடுவார்கள். சொந்த வீடும் கைத்தொழிலும் சேர்ந்துதான் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரை உருவாக்கின. துணிச்சல் மற்றக் கூலியாட்களிடமும் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை வேறு.

அடுத்த நிறுத்தம் வெல்ஸ்போர்ன். 1872 பிப்ரவரி 7 மாலை, ஸ்டாக்ஸ் ஹெட் மதுக்கூடத்தில் சங்கம் அமைப்பது பற்றிப் பேச ஊர்க் கூலியாட்கள் அழைத்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனார் ஆர்ச். இரண்டாயிரம் பேர் அளவுக்குத் திரண்டிருந்தார்கள். கூடம் கொள்ளாததால் எதிரே செஸ்நட் மரத்தடிக்கு வந்தது கூட்டம். பன்றி அறுக்கும் பலகையைப் போட்டு அவரை ஏற்றினார்கள். பீன்ஸ் கொடிக்கு நடும் கழிகளில் லாந்தர்களைக் கட்டித் தூக்கிப் பிடித்தார்கள். மார்ச்சில் வெல்ஸ்போர்ன் ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாரம் பன்னிரண்டு ஷில்லிங் வாங்கியவர்கள் பதினாறு கேட்டார்கள். ஆர்ச்சிபால்ட் ஃபோர்ப்ஸ் என்ற செய்தியாளர் டெய்லி நியூஸில் எழுதியதும் நாடு முழுக்கப் பேச்சானது. மே 29 அன்று லெமிங்டனில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சேர ஆறு பென்ஸ், வாரச் சந்தா இரண்டு பென்ஸ். இரண்டு ஆண்டில் உறுப்பினர் 86,000 பேரைத் தாண்டினார்கள்.

அந்தப் பழைய மரம் இப்போது இல்லை. அதன் இடத்தில் பின்னாளில் நட்ட மரம் நிற்கிறது. மதுக்கூடமும் எதிரே இருக்கிறது. சதுக்கம் சின்னதுதான். இதற்குள் இரண்டாயிரம் பேரைக் கற்பனை செய்து பார்த்தால்தான் அன்றைய நெரிசல் பிடிபடும்.

நேரம் இருந்தால் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் ஆஸ்காட் அண்டர் விச்வுட் கட்டாயம் போக வேண்டும். ரயில் நிலையம் உண்டு, நிற்கும் ரயில்கள் குறைவு. 1873 மே மாதம், வேலைநிறுத்தம் நடந்த பண்ணைக்கு வெளியாட்கள் வேலைக்கு வந்தபோது ஊர்ப்பெண்கள் வழிமறித்தார்கள். சிப்பிங் நார்ட்டன் நீதிமன்றம் பதினாறு பெண்களுக்குக் கடுங்காவல் விதித்தது. சிலருக்கு ஏழு நாள், சிலருக்குப் பத்து. இருவர் கைக்குழந்தைகளோடு சிறை போனார்கள். ஊர்ப் புல்வெளியில் மரத்தைச் சுற்றி அவர்களுக்கு நினைவு இருக்கை போட்டிருக்கிறார்கள். ஆர்ச்சின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. இந்தப் பெண்களைப் பற்றி இன்னும் நிறையப் பேர் பேச வேண்டும்.

சங்கம் ஏன் சரிந்தது? 1874இல் சஃபோக்கில் எக்ஸ்னிங் கிராமத்து ஆட்கள் வாரம் ஒரு ஷில்லிங் உயர்வு கேட்டார்கள். பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி, சங்கத்தில் இருப்பவனுக்கு வேலையே இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். கிழக்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். சங்கம் அவர்களுக்குத் தலைக்கு வாரம் ஒன்பது ஷில்லிங் உதவித்தொகை கொடுக்க வேண்டும்; ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்ஸ். இரண்டு பென்ஸ் சந்தாவில் அது எத்தனை நாள் ஓடும்? ஐம்பத்து நான்கு பேரின் சந்தா ஒருவரின் உதவித்தொகை. ஜூலை இறுதியில் சங்கம் பணிந்தது. அதற்குப் பிறகு தானிய விலையும் விழுந்தது, உறுப்பினர் கரைந்தார்கள்.

ஆர்ச் இதற்குப் பின்தான் வாக்குரிமைப் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். 1867 சட்டம் நகரத் தொழிலாளிக்கு ஓட்டுக் கொடுத்தது. 1874இலேயே தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்டு என்ற சுரங்கச் சங்கத்தார் இருவர் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். கிராமத்துக் கூலியாள் 1884 வரை காத்திருந்தான். அடுத்த ஆண்டே லிபரல் கட்சி சார்பில் வடமேற்கு நார்ஃபோக்கில் 640 ஓட்டில் ஆர்ச் வென்றார். வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை அந்தத் தொகுதியில்தான். 1886 தேர்தலில் வெறும் இருபது ஓட்டில் தோற்றார். 1892இல் மீண்டும் வென்று 1900 வரை இருந்தார். பெரிய நாடாளுமன்றவாதி என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் கிராமத்துக் கூலியாளும் அந்த அவையில் உட்காரலாம் என்பதை அவர் முதலில் காட்டினார்.

நார்ஃபோக்கையும் பயணத்தில் சேர்ப்பவர்கள் கிங்ஸ் லின்னுக்கு லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில் பிடிக்கலாம்; சாண்ட்ரிங்ஹாமுக்கு அங்கிருந்து பேருந்து. அதே மாவட்டத்தின் கிழக்கே நார்த் வால்ஷம் ஊர். பழைய சங்கம் 1896இல் கலைந்து பத்து ஆண்டு கழித்து, ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற கூலித் தொழிலாளி புதிய சங்கத்தைத் தொடங்கியது அங்கேதான். 1920இல் அவரும் தெற்கு நார்ஃபோக்கிலிருந்து நாடாளுமன்றம் போனார்.