மூன்று ரோடு, நாலு ரோடு, முட்டுச்சந்து

சேலத்துக்காரர்கள் வழி சொல்லும்போது எண்களைச் சொல்கிறார்கள் என்பதை, மதுரையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் கேலி செய்த பிறகுதான் கவனித்தேன். மூன்று ரோடு, நாலு ரோடு, ஐந்து ரோடு என்று, எத்தனை சாலைகள் கூடுகின்றனவோ அதையே இடத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம். நகரங்களின் தெரு அமைப்பை ஆராய்கிறவர்களும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று என்று கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், ஒரு பகுதியின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இருவர் 2015இல் அமெரிக்காவின் ஒரு நூற்றாண்டுத் தெருக்களை இப்படி ஆராய்ந்து, ஒன்றோடொன்று இணையாமல் துண்டுபட்ட தெருக்களை அமைக்கும் போக்கு அங்கே 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணிந்தது என்று காட்டினார்கள். (சேலம் மாநகராட்சியாக உயர்ந்ததும் அதே 1994இல்தான், தற்செயல் என்றாலும் எனக்கு அது மறக்கவில்லை.) 2020இல் அவர்கள் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, 1975க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்கள் மேலும் மேலும் துண்டுபட்டே வந்திருப்பது தெரிந்தது. வீட்டை இடித்துக் கட்டலாம், கடையை மாற்றலாம், ஆனால் ஒருமுறை போட்ட தெருவின் கோடு பல தலைமுறைகளுக்கு அப்படியே நின்றுவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

சேலத்தின் பழைய நெசவுப் பகுதிகளான அம்மாபேட்டையிலும் குகையிலும் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். நெசவுக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீட்ட நேரான நீண்ட இடம் வேண்டும். அதற்கென்றே பாவடி என்று ஒரு சொல் அங்கே வழங்குகிறது. தறி குறைந்து, நூல் வாசனை போய், மாடி வீடுகள் வந்துவிட்ட பிறகும் அந்த நேர்கோடுகள் போகவில்லை. தெருக்கள் குறுகலானவை என்பதும், தீயணைப்பு வண்டி உள்ளே திரும்புவது கடினம் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்துவிட்டால் நான்கு வீடு தள்ளி ஒரு சந்து இருக்கும், அது அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரியைத் திட்டிக்கொண்டே நாம் வேறு பக்கமாக வெளியேறிவிடுவதும் அதனால்தான்.

இப்போது ஊர் வளரும் விதம் வேறு. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும் நிற்பதால், ஓமலூர், ஆத்தூர், நாமக்கல், சங்ககிரி சாலைகளைப் பிடித்துக்கொண்டுதான் சேலம் நீள்கிறது. அந்தச் சாலைகளின் இருபுறமும் இருந்த காடு கழனிகள் ஒரே நாளில் மனைகளாகவில்லை. ஒரு புல எண்ணுக்கு உரியவர் இந்த ஆண்டு விற்பார். பங்காளி வழக்கு முடிந்து பக்கத்து நிலத்துக்காரர் பத்தாண்டு கழித்து விற்பார். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொருவர் வாங்கி, நிலத்தின் நடுவே ஒரு ரோடும் கிளைகளாக நாலு தெருவும் போட்டு, கல் நட்டு, ‘30 அடி ரோடு, நல்ல தண்ணீர்’ என்று பலகை வைக்கிறார். அந்த ரோடு எங்கே போய் முடிகிறது என்று பலகையில் யாரும் எழுதுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆத்தூர் சாலைப் பக்கம் நாங்கள் மனை வாங்கியபோது பின்பக்கம் சோளக்காடு இருந்தது. அம்மா அதன் வரப்பில் நடந்து, காட்டுக்கு அப்பால் பால் கறக்கும் வீட்டுக்குப் போய், தூக்குப்போசியில் பால் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். அந்தக் காடு மனைப்பிரிவானபோது, எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறடிச் சுவர் எழும்பியது. பால்காரர் வீடு இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாடியில் நின்றால் அவர்கள் வாசலில் கோலம் போடுவதுகூடத் தெரிகிறது. ஆனால் போய்ச்சேர வேண்டுமானால் நெடுஞ்சாலைக்கு வந்து, பேருந்துகளுக்கு நடுவே அரைக் கிலோமீட்டர் சென்று, அடுத்த மனைப்பிரிவின் வளைவுக்குள் நுழைய வேண்டும். எழுபது வயதில் அம்மாவால் அது முடியவில்லை, பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டோம். தார் ரோடே இல்லாத காலத்தில் திறந்திருந்த இடம், ரோடு வந்த பிறகு அடைபட்டுவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் நடைமுறையும் இருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல், கட்டணம் கட்டி அந்த மனைகளை முறைப்படுத்திக்கொள்ளும் வரன்முறைத் திட்டம் வந்தது. பத்திரச் சிக்கல் பலருக்குத் தீர்ந்தது, எங்களுக்கும்தான். ஆனால் விற்று வீடு கட்டிய மனைகளுக்கு நடுவே ஒரு சந்து திறக்க எந்தக் கட்டணத்தாலும் முடியாது.

இப்படி ஒவ்வொரு மனைப்பிரிவும் ஒரே வாயில் வழியாகத் தன் வண்டிகளை நெடுஞ்சாலையில் கொட்டுவதால்தான், பால் வாங்கப் போகிறவரும் பெங்களூருக்குப் போகிறவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஐந்து ரோட்டில் 2020இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் தேவையானதுதான். நானும் அதில்தான் போகிறேன். ஆனால் அது கூட்டத்தைத் தூக்கிவிடுகிறதே தவிர, பின்னால் மாற்று வழி எதையும் உண்டாக்குவதில்லை. மாற்று வழியின் அருமை ஏற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும்: மழையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் மண் சரிந்தால் அவர்கள் தேடுவது குப்பனூர் வழியைத்தான்.

சென்ற மாதம் எங்களுக்குக் கிழக்கே இருந்த கடைசி நிலத்திலும் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். கொட்டகையில் இருந்த தரகரிடம் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் குறுக்குத் தெரு அவர்களுடைய 14ஆம் எண் மனையின் மேல் நேராகப் போய் முட்டியது. அதே நேர்கோட்டில், அந்த மனைக்கு மறுபுறம், அவர்களுடைய தெரு தொடங்கியது. அந்த ஒரு மனையை விட்டுக்கொடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடுமே என்றேன்.

“அது அட்வான்ஸ் வாங்கியாச்சுங்க” என்றவர், தெருக்குத்துக்குப் பயந்து நான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்: “உங்க பக்கம் சுவர் வந்துருங்க சார். அப்புறம் தெருக்குத்தே கிடையாது.”