ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள வயதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்: சுங்கை சிப்புட் கள ஆய்வு அனுபவம்

போன சனிக்கிழமைதான் கடைசி நேர்காணலை முடித்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட 80 பேர். ஏழு மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலை பதினான்கு மாதம் இழுத்துவிட்டது. முதுமை பற்றியோ மக்கள்தொகை பற்றியோ ஆய்வு செய்யத் தோட்டப்புறம் போகப்போகும் தம்பி தங்கைகள் நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தலைப்பு, முன்மொழிவு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இழுபறி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் ஆரம்பித்தது. மலாய், ஆங்கில ஒப்புதல் படிவங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டிருந்தேன். தமிழ்ப் படிவத்தில் மட்டும் விட்டுப்போயிற்று. அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதால் ஐந்து வாரம் போச்சு. அடுத்த முறை, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு மறுபடியும் திருப்பினார்கள். கட்டைவிரல் ரேகைக்கும், ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு சாட்சியின் கையெழுத்துக்கும் முதலிலேயே இடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு உதவிக்கு வரும் தோழி சாட்சியாக முடியாது.

புள்ளிவிவரத்திலும் இதே கதைதான். சுங்கை சிப்புட் இருக்கும் கோலகங்சார் மாவட்டத்தில் வயது வாரியாக எத்தனை இந்தியர் இருக்கிறார்கள் என்ற அட்டவணை வேண்டும் என்றேன். "எழுதிக் கேட்கணும், காசும் கட்டணும்" என்றார் ஒரு கிளார்க். அவர் பேச்சை நம்பி ஆறு வாரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மாவட்டம், வயது, இனம் என்று பிரித்த அட்டவணை மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பழைய குடிக்கணக்குத் தரவு தேவைப்பட்டால் பல நாட்டுக் குடிக்கணக்கு மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐபம்ஸ் இன்டர்நேஷனலில் மலேசியாவின் 1970, 1980, 1991, 2000 மாதிரிகள் உள்ளன. பலருக்குத் தெரியாத இன்னொன்று, அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனம் 1976-77இலும் 1988-89இலும் நடத்திய மலேசியக் குடும்ப வாழ்வு ஆய்வு. இரண்டாம் சுற்றில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனி மாதிரி எடுத்திருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டி தலைமுறை அதில் இருக்கிறது. இன்றைய நிலவரத்துக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ் ஆய்வு இருக்கிறது, 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் முதுமையையும் பணி ஓய்வையும் பற்றியது.

வினாத்தாளில் நான் பெரிய தவறு செய்தேன். தமிழில் தயாராக இருக்கிறதே என்று தமிழ்நாட்டில் பயன்படுத்திய ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் வீட்டில் "ரேஷன் கார்டு இருக்கா பாட்டி?" என்றதும், "அது கம்யூனிஸ்ட் காலத்துல இருந்துச்சும்மா. இப்ப ஏது?" என்றார். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தைச் சொல்கிறார். ஞாபகசக்திச் சோதனையில் "இப்போது என்ன பருவம்?" என்று ஒரு கேள்வி. "மழ பேஞ்சா மழ, வெயில் அடிச்சா வெயில்" என்றார். வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் ஊரில் வேறென்ன சொல்ல முடியும்? படித்து, எழுதி, படம் வரையச் சொல்லும் கேள்விகளும் அதே சோதனையில் உண்டு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவருக்கு அவற்றில் மதிப்பெண் குறைந்தால், அது மறதி நோயின் அடையாளம் ஆகாது. கேள்விகளை மாற்றினேன். மாற்றியதற்கு மறுபடியும் குழுவின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

எனக்கு இன்னும் ஆறாதது தோட்ட அனுமதி விஷயம்தான். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு பஸ். முதல் முறை, மேனேஜர் லீவு என்றார் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். இரண்டாம் முறை, "தலைமை அலுவலகத்துக் கடிதம் வேணும்மா" என்றார். அதைப் போன முறையே சொல்லியிருக்கலாம். மூன்றாம் முறை கடிதத்தோடு போனேன், அதில் டிவிஷன் பெயர் தப்பு. நான்காம் முறை கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் இரண்டே வீடு.

நான் தேடியவர்கள் எப்போதோ வெளியேறிவிட்டிருந்தார்கள். ஐம்பது அறுபதுகளில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றது, பலரை வெளியே தள்ளியது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். பிறகு ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, தோட்டங்கள் வீடமைப்புக்கும் போயின. தாமான் குடியிருப்புகளிலும் மகன் மகள் வீட்டுப் பின்னறைகளிலும் இருப்பவர்களைத் தேடி நான் தோட்ட ஆபீஸ் வாசலில் நான்கு தடவை நின்றிருக்கிறேன். முதலில் கோயிலுக்குப் போங்கள். மாரியம்மன் கோயில் தலைவர் ஒரே வெள்ளிக்கிழமையில் 11 பேரை அறிமுகம் செய்துவைத்தார். முதியோர் உதவிப் பணம் ஏறும் நாளில் வங்கி வாசலிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே நேர்காணல் வேண்டாம், முகவரி மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வயது. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அதைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பாட்டி ரப்பர் பேண்ட் சுற்றிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஐசியை எடுத்து நீட்டினார். மரம் சீவிச் சீவி வளைந்துபோன ஆள்காட்டி விரல் அதைப் பிடிக்க முடியாமல் நழுவியது. பிறந்த வருடம் 1945 என்று இருந்தது. பேச்சோடு பேச்சாக, "எல்பில் தோட்டத்துல தொரையச் சுட்ட அன்னிக்கு நான் ஆயாக்கொட்டகையில தங்கச்சிய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னேன்" என்றார். கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜரைச் சுட்டுக்கொன்ற அந்தச் சம்பவம் நடந்தது 1948 ஜூன் 16. மூன்று வயதுக் குழந்தை இன்னொரு குழந்தையை இடுப்பில் சுமக்காது. ஏழெட்டு வயதாவது இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஐசியில் நாலைந்து வருடமாவது குறைகிறது. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது வேண்டும். அது கிடைக்காமல் போன அந்த நாலைந்து வருடமும் அவர் பக்கத்து வீடுகளில் துணி துவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

அன்று இரவே நிகழ்வு நாட்காட்டி ஒன்று போட்டேன். ஜப்பான்காரன் வந்தது, துரையைச் சுட்டது, 1957 மெர்டேக்கா (சுதந்திரம்), 1969 மே கலவரம். ஒவ்வொன்றின்போதும் என்ன வேலை செய்தார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, கையில் எத்தனை பிள்ளை என்று கேட்டால் வயது தானாக வெளிவரும். அந்தந்தத் தோட்டத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் கட்டிய வருடம், லயம் எரிந்த வருடம். சும்மா வயதைக் கேட்டால் 65, 70, 75 என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள்.

குடியுரிமைக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். நான் வைக்கவில்லை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு ஐசி வைத்திருக்கும் ஒரு தாத்தா, தனக்கு ஏன் உதவித்தொகை கிடையாது என்று என்னிடம் கேட்ட பிறகுதான் சேர்த்தேன். முன்பு பேசிய 23 பேர் வீட்டுக்கும் மறுபடி நடந்தேன்.

தரவு அட்டவணையில் வயதுக்கு இரண்டு பத்தி (column) வேண்டும், ஒன்றில் ஐசி வயது, இன்னொன்றில் நிகழ்வுகளை வைத்துக் கணித்த வயது என்று பேராசிரியரிடம் கேட்டேன். முதலில் மறுத்தார். எல்பில் சம்பவத்தைச் சொல்லி, பாட்டியின் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். திரும்ப ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டு பத்திக்கும் சம்மதித்தார்.