கால்கரியில் வேகாத பருப்பு

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. துவரம்பருப்போ விரலுக்கு நசுங்காமல் உருள்கிறது. கனடாவின் கால்கரியிலிருந்து கடலூருக்குப் போன் செய்தேன். “கொதிக்கிறது என்கிறாய், வேகவில்லை என்கிறாய். எதையடா நம்புவது?” என்ற அம்மா, பக்கத்திலிருந்த சித்தியிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். சுருக்கென்றது.

இரண்டுமே உண்மைதான். ஒரு பொருள் திடமா, திரவமா, வாயுவா என்பதைச் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. மூலக்கூறுகளைச் சூடு பிரித்து விரட்டப் பார்க்கிறது. அவற்றின் ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கிறது. மேலிருந்து காற்று அமுக்குகிறது. ஆவியின் அழுத்தம் காற்றின் அழுத்தத்தை எட்டினால் கொதி வந்துவிடும். கடலோரக் கடலூரில் அதற்கு 100 டிகிரி வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கால்கரியில் காற்று இளைத்தது. 96, 97-லேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று அந்த மூன்று டிகிரியை இத்தனை காலம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

குக்கர் வாங்கினேன். மூடிமேல் உட்காரும் குண்டு ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்க, உள்ளே 120 டிகிரியை ஒட்டிச் சூடு. பருப்பு குழைந்தது.

இப்போது ஊர் பழகிவிட்டது. தேங்காயெண்ணெய் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தாமல் தலைவார முடியாது என்பதும் பழகிவிட்டது. சினூக் என்ற வறண்ட காற்று வீசினால் பனியில் ஒரு பங்கு தண்ணீராகாமலே ஆவியாகிப் போகிறது. உறைகுளிரில் காயப்போட்ட வேட்டிகூடப் பலகைபோல் விறைத்து, அப்படியே உலர்ந்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் நாள்கணக்கில் ஈரவாடையோடு கொடியில் தொங்கும் எங்கள் வீட்டுத் துணிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் போதும், பழகியதெல்லாம் கலைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது நடுவில் அழுத்தம் சுமார் 970 மில்லிபார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: புயலின் நடுவே உலை வைத்திருந்தால் ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்திருக்கும். கால்கரியின் அன்றாட அழுத்தக் குறைவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அன்று அடுப்பு எரிந்தால்தானே! மின்சாரம் இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் கொல்லையில் விழுந்த முருங்கையை அப்பா வெட்டிக்கொண்டு வந்தார். முருங்கையை எரித்து எவனாவது சோறு பொங்குவானா என்று திட்டிக்கொண்டே ஆயா தெருவில் முறிந்து கிடந்த வேப்பங்கிளையை இழுத்து வரக் கிளம்பினார்.