திரையில் அரக்கு, தாளில் கறுப்பு

இன்று லேபிலிருந்து வந்த கல்யாண ஆல்பத்தில் அரக்குப் பட்டு கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருந்தது. மடிப்பில் ஓடும் ஜரிகையை வைத்துத்தான் புடவை என்றே தெரிகிறது.

லேபைத் திட்டும் முன் மானிட்டர் வெளிச்சத்தைப் பாருங்கள்.

பல மானிட்டர்கள் 250 நிட்டுக்கு (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மேல்தான் வருகின்றன. அதில் பார்த்துத் திருத்தினால் கை தானாகப் படத்தை இருட்டாக்கிவிடும். பிரிண்டுக்கு 100 நிட் பக்கம் போதும். திரை வெண்மையின் சாயல் 6500 கெல்வின், இடைப்பட்ட நிழல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகே திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை வையுங்கள்.

சொந்த பிரிண்டர் என்றால், அந்தத் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) போட்டோஷாப்பில் கொடுத்துவிட்டு, பிரிண்டர் டிரைவரில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைத்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் மெஜந்தா ஏறிவிடும், பாவம் மணப்பெண்!

மை நன்றாகக் காய்ந்தபின் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டில் வேண்டாம்.