கடல்சார் பள்ளி தொடங்கினோம், படகு கடைசியில்தான் வந்தது

கடல்சார் வேலைகளுக்கென்று ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி நடத்துகிறோம் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "படகு இருக்கா?" என்றுதான். இருக்கிறது. ஆனால் எல்லா வேலையும் முடிந்து கடைசியில்தான் அது வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் எங்கள் நேரத்தில் முக்கால்வாசியைத் தின்றது வேறொரு கேள்வி: இந்தப் பள்ளியால் பிள்ளைகளுக்கு எதைத் தர முடியும், எதைத் தர முடியாது? இப்படி ஒரு பள்ளி தொடங்கும் யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, திட்டக் குழுவில் இருந்த ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பள்ளிச் சான்றிதழ் தருவது கல்வித் துறை. கப்பலில் வேலை பார்க்கச் சான்றிதழ் தருவது கடல்சார் நிர்வாகம். இவருக்கு அவர் பாஷை புரியாது, அவருக்கு இவர் பாஷை புரியாது. நடுவில் நாங்கள்.

கப்பல் பக்கத்துச் சட்டம், கப்பல் பணியாளர்களின் பயிற்சி, சான்றிதழ், காவல் பணி பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கையில் தொடங்குகிறது. 1978-இல் வந்தது, 1995-இலும் 2010-இலும் பெரிய திருத்தங்கள் நடந்தன. அதன்படி, கப்பல் தளத்தில் காவல் பொறுப்பேற்கும், அதாவது தன் முறை நேரத்தில் கப்பல் போகும் வழியைக் கவனித்து நடத்தும், அதிகாரிக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தால் குறைந்தது 12 மாதக் கடல் சேவை. இல்லையென்றால் 36 மாதம். இன்னொரு பக்கம், 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 16 வயது நிரம்பாதவரைக் கப்பலில் வேலைக்கு வைக்கவே கூடாது என்கிறது. 18 வயதுக்குள் இருப்பவருக்கு இரவு வேலையும் கூடாது; பயிற்சி, வேலையின் தன்மை போன்ற காரணங்களுக்காகச் சில விலக்குகள் உண்டு.

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, விளம்பரத் துண்டறிக்கைக்காக யாரோ எழுதி வைத்திருந்த "பள்ளி முடித்ததும் கப்பல் அதிகாரி" என்ற வரியை அடித்துவிட வேண்டியதாயிற்று. அடித்ததில் சிலருக்கு வருத்தம்தான், அந்த வரி இருந்தால் கூட்டம் வரும் என்று. வரும். நாலு வருஷம் கழித்து அதே கூட்டம் பள்ளி வாசலிலும் வந்து நிற்கும்.

அப்புறம்தான் துறைமுகத்துக்குப் போய் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து எழுதினோம். இழுவைப் படகு ஓட்டுபவர், கிரேன் இயக்குபவர், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர், எலக்ட்ரீஷியன், சரக்கு ஆவணங்கள் பார்ப்பவர், கடலடி ஆழம் அளப்பவர், தண்ணீரின் தரத்தைச் சோதிப்பவர். பட்டியல் நீள நீளத் தெரிந்தது, கடல் வேலையில் பெரும்பகுதி கரையில்தான் நடக்கிறது. அதனால் பாடப் பிரிவுகளைக் கலம் இயக்குதல், இயந்திரமும் மின்சாரமும், துறைமுகமும் கடல் அறிவியலும் என்று மூன்றாக வைத்தோம்.

முன்மாதிரி தேடியபோது அதிகம் உதவியவை அமெரிக்காவின் இரண்டு அரசுப் பள்ளிகள். நியூயார்க் ஹார்பர் பள்ளி 2003-இல் கடலோரமே இல்லாத ஒரு பகுதியில் தொடங்கி, 2010-இல்தான் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள கவர்னர்ஸ் தீவுக்குப் போனது. கரையோரக் கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்ற தைரியம் எங்களுக்கு அதிலிருந்து வந்தது. சியாட்டில் பக்கத்தில் 2021-இல் திறந்த மாரிடைம் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பை மட்டும் வைத்துத் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக வளர்ந்தது. இந்த முறையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். நாலு வகுப்பையும் ஒரே நாளில் திறக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வந்தாலும் அசையாதீர்கள். ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஆசிரியர்கள் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் பெரிய கதை. கடல் தெரிந்தவர்களிடம் ஆசிரியர் தகுதிச் சான்று இல்லை. சான்று இருப்பவர்களுக்குக் கடல் தெரியாது. ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர் இலவசமாகவே சொல்லித்தருகிறேன் என்று வந்தார், விதி அவரைத் தனியாக வகுப்பெடுக்க விடவில்லை. சரி, இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்துவோம் என்று முடிவு செய்தோம். கணக்கு ஆசிரியைக்கு முதலில் கொஞ்சம் சங்கடம்தான்.

திசையன் (வெக்டர்) பாடம் வந்த அன்று அது மாறியது. கப்டன் பலகையில் ஒரு புள்ளி வைத்து, "படகு 5 நாட் வேகம். நேர் வடக்கே போகணும். நீரோட்டம் கிழக்கு நோக்கி 2 நாட். எங்கே திருப்புவீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் வடக்கே என்றார்கள். அப்படிப் போனால் ஒரு மணி நேரத்தில் 2 நாட்டிக்கல் மைல் கிழக்கே தள்ளிப் போயிருப்பீர்கள் என்றார். நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகம்; நாட்டிக்கல் மைல் என்பது 1,852 மீட்டர், ஆக மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பாறை இருந்தால்? கணக்கு ஆசிரியை எழுந்து வந்து முக்கோணத்தை வரைந்தார். இரண்டை ஐந்தால் வகுத்து, சைன் மதிப்பு பார்த்து, வடக்கிலிருந்து மேற்கே சுமார் 24 டிகிரி என்று வந்தது. வடக்கு நோக்கிய உண்மையான வேகம் 4.6 நாட்தான் என்பதும் அதே முக்கோணத்திலேயே கிடைத்தது. அதுவரை சைன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த பையன்தான் முதலில் நோட்டில் எழுதினான். கப்டனுக்கு இந்தக் கோணம் கை வைத்தாலே தெரியும், ஆனால் ஏன் என்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. ஆசிரியைக்கு ஏன் என்று தெரியும், படகில் ஏறியதில்லை. அந்த வாரத்திலிருந்து இருவரும் சேர்ந்தே பாடத் திட்டம் எழுத ஆரம்பித்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் அதிகம் சூடானது நிறப்பார்வை விஷயம். இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதை இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் தளப் பணிக்கு நிறப்பார்வைத் தரம் கண்டிப்பானது. இயந்திரப் பிரிவுக்கும் சோதனை உண்டு, அளவு கொஞ்சம் தளர்வு. சிவப்பு–பச்சைக் குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம். அரசுப் பள்ளி என்பதால் இதைக் காட்டி யாருக்கும் இடம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அதே சமயம் கடைசி வருஷத்தில் மருத்துவரிடம் போய்த் தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? எனவே சேர்ந்த முதல் பருவத்திலேயே சோதனை, முடிவு குடும்பத்துக்கு மட்டும், பிரிவைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு. "என் மகனுக்கு இது இருந்தா இந்தப் பள்ளியே வேண்டாமா?" என்று ஒரு அப்பா கேட்டார். துறைமுகப் பட்டியலைக் காட்டி, நிறப்பார்வை தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். பையன் இப்போது துறைமுகப் பிரிவில் இருக்கிறான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் அதே கூட்டத்தில் கேள்வி வந்தது. உலகக் கப்பல் பணியாளர்கள் ஏறத்தாழ 18.9 லட்சம் பேரில் பெண்கள் சுமார் 24,000 என்று பிம்கோ, ஐ.சி.எஸ். என்ற சர்வதேசக் கப்பல் துறை அமைப்புகளின் 2021 அறிக்கை சொல்கிறது. நான் அந்த எண்ணை மறைக்காமல் சொன்னேன். சில அம்மாக்கள் முகம் சுளித்தார்கள், சிலர் அங்கேயே விண்ணப்பம் கேட்டார்கள்.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை, அதாவது கடலில் உயிர் பிழைப்பது, தீயணைப்பு, முதலுதவி முதலியவற்றை, நாங்களே சான்றிதழோடு நடத்தலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அங்கீகாரத்துக்குத் தேவையான வசதிகளைக் கேட்டதும் அதைக் கைவிட்டு, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தோடு ஒப்பந்தம் போட்டோம். பள்ளியில் நாங்கள் செய்வது அதற்கான பழக்கம் மட்டும். நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட் பயிற்சி வைத்தால் முதல் தடவை எல்லோரும் வாரைத் தளர்வாகவே கட்டுகிறார்கள். குதித்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறி, முகம் உள்ளே போய்விடும். ஒருமுறை அப்படி ஆனால் போதும், அடுத்த தடவை பக்கத்தில் இருப்பவன் வாரையும் சேர்த்து இழுத்துப் பார்ப்பார்கள்.

படகு, காப்பீட்டுக்காரர் கேட்ட தாள்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. யார் ஓட்டலாம், எத்தனை பேர் ஏறலாம், எந்தக் காற்றில் கிளம்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அவர் நகரவில்லை. அலுப்பாக இருந்தாலும் அந்தத் தாள்தான் இன்று எங்கள் படகு விதிப் புத்தகம்.

இப்போது மண்டையைக் குடைவது மூன்றாம் வருஷப் பணியிடப் பயிற்சி. பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறோம் என்று வாய்மொழியாகச் சொன்ன சில நிறுவனங்கள், வயது விவரம் கேட்டதும் பின்வாங்குகின்றன. எழுத்தில் கொடுத்தவர்களை மட்டும் கணக்கில் வைத்து அட்டவணை போடுகிறோம்; கிடைத்த இடங்களில் பாதிக்கு மேல் பழுதுபார்க்கும் பட்டறைகள்.